தலைக்கு இடமில்லாத படங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் தலைசுற்றல் குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

முட்டி இனி ஆட விடாது என்றான பிறகு சேர்ந்தேனே, அந்த ஓவிய வகுப்பில் ஒரு கூத்து. ஆடிப் பழகிய புத்தி, யாரை வரைந்தாலும் பாதத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். கழுத்து வருவதற்குள் தாள் தீர்ந்துவிடுகிறது. "ஏம்மா, இவங்க தலையெல்லாம் எங்க போச்சு?" என்று வாத்தியார் கேட்க, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அவரோ அந்தப் படங்களையே கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளி திறப்பு. பயமாக இருக்கிறது, அம்மா. மேடையில் கால் தப்பினால் அடுத்த அடியில் சமாளித்துவிடுவேன். இங்கே தப்பு சுவரில் அப்படியே தொங்கும். எல்லோரும் நின்று நிதானமாகப் பார்ப்பார்கள். நான் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

என் பழைய பயிற்சிப் புடவையை அனுப்பு, தூரிகை துடைக்க. இல்லை, துடைக்க மாட்டேன், சும்மா அனுப்பு.

வெள்ளி மாலை மறக்காமல் போன் போடு. மேடைக்கு என்னைத் தள்ளிவிடும்போது சொல்வாயே, "போடி, ஒண்ணும் ஆகாது" என்று, அதை மட்டும் சொல். சொன்னால்தான் கண்காட்சி வாசலில் என் கால் நகரும்.

ஆணி அடிக்கக் கூப்பிடுகிறார்கள்.

உன் மகள்