அம்மா வட்டமிட்ட தேதி

செங்காங்,
சிங்கப்பூர்.

அன்புள்ள ஜனகன் அண்ணாவுக்கு,

உன் தங்கை லக்ஷனா எழுதுகிறேன். தாளில் உனக்கு எழுதுவது இதுதான் முதல் முறை. போனில் எதுவும் பேசக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். என் தோழி ஜரீனாவின் அத்தா வேலைக்காகத் தினமும் உட்லண்ட்ஸ் எல்லை வழியாக மலேசியாவில் இருக்கும் ஜொகூருக்குப் போகிறவர். இதை அங்கிருந்து தபாலில் போடுவதாகச் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

லண்டனிலிருந்து நீ வெளியிட்ட காணொளியைப் பலமுறை பார்த்தேன். தொழிலாளர்களைத் திறந்த லாரியில் ஏற்றிப் போவதைப் பற்றிப் பேசிவிட்டு, "அமைச்சரும் ஒருநாள் அந்த லாரியோட பின்பக்கம் உட்கார்ந்து வரட்டும், மழை நாளாப் பார்த்து" என்கிறாயே, அங்கே சிரித்துவிட்டேன். நீ பொய் பரப்புகிறாய் என்கிறார்களே, அப்படிப் பொய் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு, தலைவர்களைக் கேள்வி கேட்பது பற்றி எழுதிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார் ஆசிரியை. மறுநாள் மரங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்.

நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எம்.பி.யைப் பார்க்க வரும் தமிழ்ப் பெரியவர்களுக்கு அப்பா மனு எழுதிக் கொடுப்பாரே, இப்போது போவதில்லை. கூடவே தொண்டு செய்யும் வடிவேலு அங்கிள், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க லா, பாகன்" என்று அப்பாவிடம் சொன்னாராம். இப்போதெல்லாம் எங்களைக் கண்டால் அவர் அடுத்த மின்தூக்கிக்காக நிற்கிறார்.

சென்ற வாரம் விசாரணை அதிகாரிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் தமிழ்ப் பெண். காலணிகளை வாசலைப் பார்த்து ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவர் தமிழில் பேசியதுமே அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தேநீர் போட்டு முறுக்கும் வைத்தார். "ஜனகன்கிட்ட சும்மா கொஞ்சம் பேசணும் ஆன்ட்டி, எப்ப வர்றாரு?" என்று அந்தப் பெண் கேட்டார். அம்மா சுவரிலிருந்து நாட்காட்டியையே கழற்றி வந்து, தீபாவளிக்கு நீ வரும் தேதியைச் சுற்றிப் போட்ட வட்டத்தைக் காட்டினார். விமான எண்ணையும் சொன்னார். அவர்கள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நேற்று அந்தப் பெண் மட்டும் வந்தார், சிராங்கூன் சாலையில் வாங்கிய இனிப்புப் பெட்டியோடு. "தேதி ஒண்ணும் மாறலையே ஆன்ட்டி?" என்று சிரித்தபடி கேட்டுவிட்டுப் போனார்.

"தங்கமான பொண்ணு. தம்பி வந்து ஒரு சாரி சொல்லிட்டா முடிஞ்சிடும்" என்றார் அம்மா.

"சாரி கேக்கிறதுக்கு எதுக்கு பிளேன் நம்பர்?" என்றார் அப்பா. இனிப்புப் பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டி மேலே வைத்தார். இன்னும் யாரும் திறக்கவில்லை.

நீ கட்டாயம் வர வேண்டும், வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதச் சொன்னார் அம்மா. எழுதிவிட்டேன். அப்பா எதையும் எழுதச் சொல்லவில்லை. லண்டனில் குளிர் எப்போது முடியும் என்று மட்டும் என்னிடம் கேட்டார். மார்ச் ஆகும் என்றேன். "நல்லது" என்றார். பிறகு வெகுநேரம் உன் அறையில் உட்கார்ந்திருந்தார்.

அதனால் அண்ணா, நல்ல தடிமனான கம்பளிச் சட்டையாகப் பார்த்து வாங்கிக்கொள். குளிர்காலம் முழுக்கத் தாங்க வேண்டும். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் அடுத்த வருடமும் போடுவார்கள். அம்மா அழுதால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் அன்புத் தங்கை,
லக்ஷனா