அடுப்படி ஆணியில் தொங்கும் விசில்

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சமையல்காரரான என் அன்பு அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் சிரிப்பீர்கள். கேட்காமல் எழுதவும் கை வரவில்லை. இங்கே குழாயில் தண்ணீர் வருவது வழக்கம்போல அது நினைத்தபோதுதான். நீங்கள் பி.டி. வாத்தியாராக விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிட்ட மைதானத்தில் புதுசாகக் கோல் கம்பம் நட்டிருக்கிறார்கள். லேசாகச் சாய்ந்து நிற்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்கே பிடுங்கி நட வைத்திருப்பீர்கள்.

ஈஸ்டருக்கு மூன்று நாள் லீவு போட்டேன். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் வேலை பார்க்கிறவனுக்கு அது லேசில் கிடைக்குமா? "கேரளா லோடு நிக்குதுங்க, இப்பப் போயி லீவு கேக்கறீங்களே" என்றார் முதலாளி. "எங்கம்மாவச் சாப்பிட வைக்கணும்ங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் மூஞ்சியைப் பார்த்து விட்டுவிட்டார்.

நீங்கள் ஐப்பசி மழையில் போனீர்கள். அன்றிலிருந்து அம்மா கறியைத் தொடவில்லை, அப்பா. கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கேட்டதற்கு, "எனக்குத் தவக்காலம்டா" என்றாள். "குடிலே இன்னும் பிரிக்கல, அதுக்குள்ள என்னம்மா தவக்காலம்?" என்றேன். "எனக்கு ஆரம்பிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டத்தையே அவள் தூக்கிப் போட்டுவிட்டாள். "ஏழாவது நாளு கடவுளே ஓய்வெடுத்தாரு, இவளுக்கு மட்டும் என்ன?" என்று சொல்லி, அன்றைக்கு அம்மாவை அடுப்படிக்குள் விடமாட்டீர்களே. அவள் கால் நிலைப்படியைத் தாண்டினால் உள்ளேயிருந்து விசில் பறக்கும். "பெரிய கிரவுண்டுன்னு நெனப்பு!" என்று அவள் முருங்கை மரத்தடி நாற்காலிக்கே திரும்பிப் போவாள். குழம்பு கொதித்ததும் கரண்டியோடு நீங்களே வெளியே வந்து, அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "உப்புப் பாரு" என்பீர்கள். நம் வீட்டில் வேறு யாரும் உப்புப் பார்த்ததே கிடையாது. முதல் இலையும் அவளுக்கு, நல்லி எலும்பும் அவளுக்கு.

நீங்கள் போனபிறகு ஞாயிற்றுக்கிழமையும் அவளே கறி வதக்கி, எங்களுக்குப் போட்டுவிட்டு, அடுப்படியில் நின்றபடியே தயிர்ச்சோறு தின்றாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை இப்படியே விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

சனிக்கிழமையே சொல்லிவிட்டேன். "நாளைக்கு ஊருக்கே தவக்காலம் முடியுது. உனக்கும்தான்."

"பாப்போம் பாப்போம்" என்றாள். அந்தப் 'பாப்போம்' எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

ஞாயிறு காலையில் பேகம்பூர் கறிக்கடைக்குப் போனேன். கூட்டம் நெரிகிறது. பாய் என்னைப் பார்த்ததும், "சார் மகனா? அம்மாவுக்கு நல்லி எடுத்து வச்சிருக்கேன், தம்பி" என்றார். நான் கேட்கவே இல்லை, அப்பா. அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வந்ததும் அம்மாவையும் உங்கள் மருமகள் ரோஸ்லினையும் வெளியே அனுப்பினேன். தம்பி சேவியர் சின்ன வெங்காயம் உரித்து உரித்து அழுதான். மசாலா அரைக்கும்போது கரண்ட் போயிற்று. அம்மிக்கு நான் போனேன். ரோஸ்லின் காலை நீட்டி வாரப் பத்திரிகை படித்துக்கொண்டு, "அத்தே, இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டதுக்கு இன்னைக்குத்தான் பலன் தெரியுது" என்றாள். அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஏலே, அடிப்பிடிக்கிற வாசம் வருது, தீயக் குறை!" என்று மரத்தடியிலிருந்தே சத்தம்.

"செத்த நேரம் பேசாம உக்காரும்மா!" என்று நானும் சத்தம் போட்டேன்.

குழம்பு கொதித்ததும் கரண்டியோடு போய், "உப்புப் பாரும்மா" என்று நின்றேன். அம்மா கையை இறுக மூடிக்கொண்டாள்.

"நான் தொடமாட்டேன்டா. நீயே பாரு."

"இந்த வீட்டுல நாங்க பார்த்ததில்ல."

கரண்டி ஆறும்வரை நின்றேன். அவள் முருங்கைப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் உங்கள் பிள்ளைதானே. ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்காமல் அப்படியே இறக்கினேன்.

"நான் பரிமாறுறேன்" என்று வந்தவளைத் தோளைப் பிடித்து முதல் இலையில் உட்கார வைத்தேன். சீரகச் சம்பா பிரியாணி, குழம்பு, மேலே நல்லி. அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள். சரி, நாம் சாப்பிட ஆரம்பித்தால் அவளும் தொடுவாள் என்று முதல் வாய் எடுத்து வைத்தேன்.

உப்பே இல்லை! பிரியாணியிலும் இல்லை, குழம்பிலும் இல்லை. சேவியர் போட்டிருப்பான் என்று நான் நினைத்திருக்கிறேன். நான் போட்டிருப்பேன் என்று அவன். சொன்னால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்புறம் இலைக்குத் திரும்ப மாட்டாள். நான் சேவியரை முறைத்தேன். அவன் மென்றுகொண்டே, "பிரமாதம்ணே" என்றான். ரோஸ்லின் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "என்னடா, மூணு பேரும் கஷாயம் குடிச்ச மூஞ்சியா இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே இலையிலிருந்து குழம்புச் சோற்றைத் துளி எடுத்து நாக்கில் வைத்தாள்.

"அடப்பாவிகளா! உப்புப் போடலியாடா!"

சொன்ன பிறகுதான் வாயில் இருப்பது என்னவென்று அவளுக்கு உறைத்தது. மெதுவாக விழுங்கினாள். உடனே தரையில் கையூன்றி உப்பெடுக்க எழுந்தாள்.

நான் பாய்ந்துபோய் அடுப்படி ஆணியிலிருந்து உங்கள் விசிலை எடுத்தேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அடுத்து ஊதியதில் தெருநாய் குரைத்தது.

அம்மா பொத்தென்று உட்கார்ந்தாள். "உங்கப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு பாரு" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். சேவியர் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். எல்லார் இலையிலும் அவள் கையாலேயே தூவினாள். கடைசியாகத் தன் இலையில் தூவிப் பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டாள். அப்புறம் நல்லியை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"தட்டிக் குடுடா. உங்கப்பா தட்டித்தான் குடுப்பாரு."

அந்த விசில் உங்களுக்குக் கேட்டதா, அப்பா? நீங்கள் ஒரு நாளாவது உப்புப் போட மறந்து, வெளியே தெரியாமல் சமாளித்தது உண்டா?

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு அடுப்பு என்னுடையது. எத்தனை லாரி நின்றாலும் மண்டிக்குப் போகமாட்டேன். அம்மாவுக்கும் ரோஸ்லினுக்கும் நிலைப்படிக்கு வெளியேதான் இடம். விசில் அதே ஆணியில் தொங்கும். கரண்டியோடு நான் முருங்கை மரத்தடிக்குப் போவேன். அவள் கையை விரிக்கிறவரை அங்கேயே நிற்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கரண்டிக்கும் விசிலுக்கும் வாரிசான
மூத்த மகன்,
ஆரோக்கியம்