ஏரி வீட்டுக் குளியலறைக் கதவு

செயின்ட் பால்,
ஜூன் முதல் வாரம், செவ்வாய் காலை.

அன்பு மகள் மார்னாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அவள் என்னைவிட ஒரு பிடி நன்றாகவே இருக்கிறாள். நீயும் அந்த ஆஸ்திரேலியப் பெர்த் ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். உங்கள் பக்கம் இப்போது குளிர்காலம், கம்பளிச் சட்டை வாங்கினேன் என்று எழுதியிருந்தாய். தண்ணீர் உறையாத குளிரையெல்லாம் குளிர் என்று சொன்னால் மினசோட்டாவில் பிறந்தவள் என்று வெளியே சொல்லிக்கொள்ளாதே அம்மா. போனில் சொல்லத் தோன்றாத ஒரு விஷயம் இருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், காப்பி வைத்துக்கொண்டு படி.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரி வீட்டை விற்றுவிடுவது என்று மார்ச் மாதமே பேச்சு வந்துவிட்டது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபின் இரண்டு கோடை அங்கே போனோமே, அந்தப் பழைய இரும்புக் குளியல் தொட்டி இருக்கிறதே, அதன் விளிம்பு அவள் முழங்காலுக்கு மேலே வரும். நான்தான் அவள் வலது காலைத் தூக்கி உள்ளே வைப்பேன், பிறகு அவளைத் தூக்கி வெளியே எடுப்பேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். மார்ச்சில் ஒரு நாள் சூப் குடித்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தனியா குளிக்கணும், முடியலைன்னா வித்துடு என்றாள். அவ்வளவுதான். தன் அப்பா தன் கையால் கட்டிய வீடு, பிறந்ததிலிருந்து ஒரு கோடை தவறாமல் போன இடம், அதைப் பற்றி நாலே சொல்லில் முடித்துவிட்டாள். நான் ஒரு தரகரிடம் பேசினேன், அவர் ஜூனில் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டுவிடலாம் என்றார். அம்மாவிடம், அதற்கு முன்னால் ஒரே ஒரு வாய்ப்பு கொடு, விளிம்பே இல்லாத குளியலறை ஒன்று போட்டுத் தருகிறேன் என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், ஆனால் நானும் வேலை செய்வேன் என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அம்மாவின் பேச்சு இப்போது எப்படி ஆகிவிட்டது என்று உனக்குத் தெரியும். முன்பெல்லாம் உப்பு வேண்டும் என்றால்கூட, இந்த உருளைக்கிழங்கு யாருக்காவது கொஞ்சம் சப்புன்னு இருக்கோ என்னவோ, எனக்கு ஒன்னுமில்ல, சும்மா கேட்டேன் என்பாளே, என் அந்தப் பழைய ஆர்டிஸ் போய்விட்டாள். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுக்க வேண்டியிருப்பதால் சுற்றி வளைக்க அவளுக்குக் கட்டுப்படியாவதில்லை, வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். தேவாலயத்தில் புதிய பாதிரியார் பிரசங்கம் எப்படி என்று கேட்டதற்கு, நீளம் என்றாள். மனிதர் அசந்துவிட்டார், போன ஞாயிறு சீக்கிரம் முடித்துவிட்டார், ஊரே உன் அம்மாவுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டது.

போர்வீரர் நினைவு நாள் விடுமுறையோடு சேர்ந்து மூன்று நாள் கிடைத்தது, வெள்ளி மதியமே கிளம்பிவிட்டோம். ஊரே படகை இழுத்துக்கொண்டு வடக்கே போகிற நாள், நெடுஞ்சாலையில் வண்டி ஊர்ந்தது. பின்னால் டிரெய்லரில் புதுக் குளியலறைக்கான தட்டையான அடித்தட்டு, சுவர்ப் பலகைகள், பிடிமானக் கம்பிகள், மடக்கு இருக்கை எல்லாம் வைத்துக் கட்டியிருந்தேன். நான் கட்டிய முடிச்சில் எனக்கு அபார நம்பிக்கை. ஹின்க்லி ஊர் தாண்டியதும் அம்மா, சத்தம் என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, காற்று என்றேன். சத்தம், நிறுத்து என்றாள். நிறுத்திப் பார்த்தால் ஒரு கயிறு முழுக்க அவிழ்ந்து, அடித்தட்டு பாதி வெளியே தொங்குகிறது, இன்னும் இரண்டு மைல் போயிருந்தால் பின்னால் வந்தவன் கண்ணாடியில் போய் உட்கார்ந்திருக்கும். அம்மா இறங்கி வந்து இடது கையால் கயிற்றைப் பிடித்து, பல்லால் இழுத்து, அவள் அப்பா படகு கட்டுகிற முடிச்சு ஒன்று போட்டாள். ஏரி போய்ச் சேரும்வரை அது ஒரு நூல்கூட அசையவில்லை. நான் ஓட்டினேன் என்று பெயர்தானே தவிர, எங்கே நிற்க வேண்டும், எந்தக் கடையில் கேரமல் ரொட்டி இன்னும் சூடாக இருக்கும், எந்த வளைவில் மான் குறுக்கே வரும் எல்லாம் அவள்தான். ரொட்டிக் கடையில் நான் கதவைத் திறந்துவிட ஓடினேன், அதற்குள் இறங்கிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் தொட்டியை எடுக்க ஆரம்பித்தோம். உன் தாத்தா அதைப் பனிக்காலத்தில் உறைந்த ஏரி மேல் சறுக்குப் பலகையில் இழுத்துக்கொண்டு வந்தார் என்று உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அந்த மனிதர் முதலில் தொட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பிறகுதான் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருக்கிறார், வெளியே எடுக்கிற நாள் ஒன்று வரும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. தொட்டியின் கால்களைக் கழற்றி, கம்பளத்தின் மேல் சாய்த்து, நான் உள்ளேயிருந்து கடப்பாரையால் நெம்ப, அம்மா வெளியே நின்று இடது, வலது என்று சொல்ல, பாதித் தூரம் வாசலுக்குள் போனது. அங்கேயே சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை பின்னாலும் வரவில்லை. தொட்டி வாசலில், நான் குளியலறைக்குள், சின்ன ஜன்னல் வழியே பூனை வேண்டுமானால் வெளியே போகலாம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ராய்ஸ் அந்தப் பக்கம் வந்தார்.

ராய்ஸ் யாரென்று சொல்லவில்லையே, போன இலையுதிர் காலத்தில் பக்கத்து வீட்டை வாங்கிக்கொண்டு டெக்ஸசிலிருந்து வந்தவர், பெரிய தொப்பி, தனி ஆள். யார் வீட்டிலோ காப்பி வேணுமா என்று கேட்டதற்கு இவர் முதல் தடவையிலேயே வேணும் என்று சொல்லிவிட்டார் என்று ஏரியைச் சுற்றி ஒரே பேச்சு. சத்தம் கேட்டு வந்தவர் ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, சார், ஒரு கை பிடிக்கட்டுமா என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குச் சொல்லவா வேண்டும், வேண்டாம் வேண்டாம், நாங்க பாத்துக்கிறோம் என்றேன். நம் வழக்கப்படி அவர் இரண்டாம் தடவை கேட்பார், உங்களுக்கு எதுக்கு சிரமம் என்பேன், மூன்றாம் தடவை கேட்பார், சரி, இவ்வளவு சொல்றீங்க, உங்களுக்கு வேலை ஒன்னும் இல்லைன்னா வாங்க என்பேன் என்று மனதுக்குள் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அந்த மனிதர், சரி சார் என்று தொப்பியைத் தொட்டுவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். கடப்பாரையும் கையுமாக நான் அசடு வழிய நிற்கிறேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள் பார், பக்கவாதத்துக்கு அப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து ஒரு யோசனை சொன்னேன். ஆர்டிஸ், நீ கொண்டுவந்த எலுமிச்சை பார் இனிப்பில் நாலைந்து துண்டு ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போ, கொசு இந்த வருஷம் சீக்கிரம் வந்துவிட்டது என்று ஆரம்பி, பேச்சுவாக்கில் தொட்டி பற்றி வந்தால் வரட்டும், அவராகக் கேட்பார் என்றேன். அம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு கைத்தடி தரையில் தட்டும் சத்தம், வெளிக்கதவுச் சத்தம். ஜன்னலில் பார்த்தால் தட்டும் இல்லை பாரும் இல்லை, பைன் மரவேர்கள் புடைத்துக் கிடக்கிற அந்தப் பாதையில் ஒற்றை ஆளாகப் போகிறாள். என் கை இல்லாமல் அவ்வளவு தூரம் அவள் நடந்தே இல்லை. ஆர்டிஸ், நில்லு, வேர் இருக்கு என்று கத்தினேன். திரும்பிப் பார்க்காமலே தடியை உயரே தூக்கிக் காட்டினாள், சும்மா இரு என்று அர்த்தம். ஓடிப் போய்ப் பிடிக்கலாம் என்றால் வாசலில் தொட்டி. அவள் ஒவ்வொரு வேராகத் தடியால் தொட்டுப் பார்த்துத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் தள்ளாடினாள், மரத்தைப் பிடித்துக்கொண்டாள், மறுபடி நடந்தாள். மார்னா, கல்யாணத்தன்று தேவாலயத்தில் உன் அம்மா நடந்து வந்ததைப் பார்த்தபோதுகூட நான் அப்படிப் பார்க்கவில்லை.

ராய்ஸ் பிற்பாடு சொன்னார், அவள் படகுத் துறையில் அவர் எதிரே போய் நின்று, தொட்டி, கனம், வா என்று சொன்னாளாம். அவர் தூண்டிலைப் போட்டுவிட்டுப் படகு மோட்டார் நகர்த்துகிற சக்கரப் பலகையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வாசல் சட்டத்தின் ஒரு பக்கத்தைக் கழற்றி, அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் பிடித்து, ஒரு வழியாகத் தொட்டி வெளியே போனது, எனக்கும் விடுதலை. நீங்க வேண்டாம்னீங்களே சார் என்று கேட்டார். நம் வழக்கத்தைச் சொன்னேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, எங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான் சார், இந்த ஏரியில யாருக்கும் என்னைப் பிடிக்கலைன்னுல்ல நான் குளிர்காலம் பூரா நெனச்சிட்டு இருந்தேன் என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அம்மா அவருக்குப் பார் தட்டை நீட்டினாள், முதல் தடவையிலேயே மூன்று எடுத்துக்கொண்டார். சாயங்காலம் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்ட ஹாட்டிஷ் அடுப்பிலிருந்து இறங்கும்வரை கூடவே வேலை செய்தார், தொட்டிக்கு அடியில் உளுத்துப்போன தரைப்பலகைகளை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டதில் பாதி வேலை அவருடையது.

ஞாயிறு முழுக்க நானும் அம்மாவும் மட்டும். அடித்தட்டை வைத்தோம், சுவர்ப் பலகை ஒட்டினோம், கம்பிகளை எங்கே வைப்பது என்று அவளை நிற்கவும் உட்காரவும் சொல்லி அவள் இடது கை எட்டுகிற இடத்தில் பென்சிலால் குறித்தோம். மூலைகளில் தண்ணீர் இறங்காமலிருக்கப் பசை போட வேண்டும் இல்லையா, நான் போட்டது புழு ஊர்ந்த மாதிரி இருந்தது. அம்மா பசைக் குழாயை என் கையிலிருந்து வாங்கி, ஒரு மணைமேல் உட்கார்ந்துகொண்டு, இடது கையால் கீழிருந்து மேலே ஒரே இழுப்பாக இழுத்தாள். அளவுகோல் வைத்தாலும் அவ்வளவு நேராக வராது. இரண்டு வருஷம் அந்தக் கையால் எழுதிப் பழகினாளே, சின்னப் பிள்ளை மாதிரி கோடு போட்ட தாளில் தினமும், அதெல்லாம் நான் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் போட்டதைச் சுரண்டி எடுத்துவிட்டு அதையும் அவளே போட்டாள்.

பசை காய்ந்துகொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள், குழாயைத் திருப்பினாள், இருக்கையை மடக்கி நீட்டினாள், திருப்தியாகத்தான் இருந்தாள். பிறகு கதவைச் சாத்தி உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாள் எங்கே என்றாள். வர்ணம் பூசும்போது கழற்றினேன், திருகாணி பொருந்தவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று மென்று முழுங்கினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் நிற்காது என்று உனக்குத் தெரியும். வேணும்னுதான் வைக்கல, நீ உள்ளே விழுந்தா நான் எப்படி வருவேன் ஆர்டிஸ் என்று சொல்லிவிட்டேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொற்களைத் தேட ஆரம்பித்தாள். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். வெகுநேரம் தேடினாள். விழுந்தா விழறேன், நீ கதவைத் திறந்துட்டு வருவேன்னு நின்னா, அது தனியா குளிக்கிறது இல்ல, லோவெல் என்றாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான்.

இரவெல்லாம் புரண்டேன். திங்கள் காலை எழுந்ததும் ராய்ஸிடம் போய்ச் சின்னத் திருகாணி இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன், இருந்தது. தாழ்ப்பாளை அவள் இடது கைக்கு வாகாக நானே பொருத்தினேன். அவள் துண்டு, மாற்றுத் துணி எல்லாம் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ் விழுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. நான் ஒரு முக்காலியைச் சத்தமில்லாமல் கதவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன், மூச்சுகூட மெல்லத்தான் விட்டேன். உள்ளேயிருந்து, லோவெல், ஏரிக்குப் போ என்று குரல் வந்தது.

போனேன் மார்னா. படகுத் துறை முனைவரை போய் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீரில் வாத்து ஒன்று குஞ்சுகளோடு போனது, எத்தனை குஞ்சு என்றுகூட எண்ணவில்லை, காது மட்டும் பின்னாலேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் பலகையில் தடி தட்டும் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு, கன்னமெல்லாம் சிவந்து, அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். பலகை வேண்டாம், தரகர்கிட்ட சொல்லிடு என்றாள். சட்டையில் ஒரு பொத்தான் தப்பாகப் போட்டிருந்தாள், ஒரு பக்கம் மேலே ஏறி இருந்தது. சரி செய்ய என் கை தானாகப் போனது. கையை எடுத்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூலையில் நீ வரும்போது நேராக ஏரி வீட்டுக்கே போய்விடலாம், விமான நிலையத்துக்கு நாங்கள் இருவருமே வருகிறோம். கடவுள் உன்னை எப்போதும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நல்ல தூக்கமும் நல்ல துணையும் உனக்கு அமையட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் அவசரப்பட்டு நீ எடுத்துக் கொடுத்துவிடாதே, காத்திரு, அவளே கண்டுபிடிப்பாள்.

அன்பும் ஆசியும் முத்தமும்,
உன் அப்பா
லோவெல் ஹாக்ஸ்டாட்