இரண்டாம் சரணத்தின் மூன்றாம் வரி

பழைய டேப் ரெக்கார்டரின் பின்மூடியைப் போன வாரம் கழற்றினேன். எப்போதோ மறந்து விட்டுவைத்த பேட்டரி செல்கள் உள்ளே பொங்கி, வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தன. குப்பென்று ஒரு புளித்த வாடை கிளம்பியது. அந்த வாடையோடு நீரும் கிளம்பி வந்து என் எதிரே நின்றீர். செத்துப் பதினோரு மாதம் ஆன பிறகும் அழைக்காமல் வீட்டுக்குள் வர உம்மைத் தவிர வேறு யாருக்கு வே துணிச்சல் வரும்?

நான் நலம். நீர் நலமில்லை என்பது ஊரறிந்த செய்தி.

மூடியைக் கழற்ற வைத்தது உம்ம மகள்தான். பாளையங்கோட்டையில் டீச்சராக இருக்கிறவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டாள். "மாமா, அப்பாவோட முதல் வருஷத்துக்கு அந்தப் பாட்டை நெட்ல போடலாம்னு இருக்கேன். வீட்டுல இருக்க கேசட்டெல்லாம் தேஞ்சிட்டு. மொதமொதல்ல பதிவு பண்ணுன டேப்பு உங்ககிட்டதான் இருக்காம்லா?"

"இருக்கு மக்கா" என்றேன். முப்பது வருடமாக அதை நான் பாட்டாகவா வைத்திருந்தேன்? ஆயுதமாக அல்லவா வைத்திருந்தேன்!

அந்தக் காலத்தில் நம் மெல்லிசைச் சாம்ராஜ்யம் மேற்கே ராயகிரி முதல் கிழக்கே திருவேங்கடம் வரை பரந்து கிடந்தது. அம்மன் கோவில் கொடை, சர்ச் அசன விருந்து, கல்யாண ரிசப்ஷன், எங்கும் நம் கொடிதான். நீர் பாடகர். நான் ஆர்மோனியம், பாட்டெழுதுபவன், மெட்டமைப்பவன், மைக் செட்டுக்காரரிடம் வசவு வாங்குபவன். சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டு உலகத்தை ஆட்டிவைப்போம் என்று தீர்மானித்தோம். உலகம் தயார்தான். உம்ம தெருதான் தயாராக இல்லை.

நான்கு பக்கமும் விசைத்தறி. அந்தத் தெருவில் ஒருவன் தும்மினால் அவனுக்கே கேட்காது. பாட்டைப் பதிவு செய்ய ஒரே வழி, கரண்டு போகக் காத்திருப்பது. கரண்டு போனால் ஊரே வையும். நாம் இருவர் மட்டும் கையெடுத்துக் கும்பிடுவோம். தறிகள் நின்றதும் செல் போட்ட டேப் ரெக்கார்டரை அமுக்கிவிட்டு, கரண்டு திரும்பி வருவதற்குள் பாடி முடிக்க வேண்டும். பாதிப் பாட்டில் தறி கிளம்பி, நாம் விட்ட சாபத்தில் தெருவே பற்றி எரியாதது ஆச்சரியம். ஒன்பதாவது தடவை கரண்டு போனபோதுதான் முழுப் பாட்டும் சிக்கியது.

இனி நான் சொல்லப்போவதை உட்கார்ந்து கேளும். உமக்கு இது தெரியாது.

செல் வாங்கும் பொறுப்பு என்னுடையது. நான் வாங்கவில்லை. எங்கள் வீட்டு டார்ச் லைட்டில் கிடந்து தேய்ந்த செல்களைப் போட்டேன். தேய்ந்த செல்லில் டேப் மெதுவாகச் சுற்றும். அப்படிப் பதிந்ததை வீட்டுக் கரண்டில் போட்டால் டேப் சரியான வேகத்துக்கு ஓடும். பாட்டு விறுவிறுப்பாகும், குரல் மேலே ஏறிவிடும். ரெண்டு கட்டைச் சுருதியில் நீர் பாடியது மூன்று கட்டையில் வானத்தைத் தொட்டுக்கொண்டு வந்தது. நீர் கேட்டுச் சொக்கிப்போனீர். "ஏ யப்பா! என் கொரலா வே இது?" என்று என்னைக் கட்டிப்பிடித்தீர். உமக்குக் கட்டையும் தெரியாது, கம்பும் தெரியாது. நான் ஆர்மோனியத்தில் பிடித்த இடத்தில் பாடுகிற ஞானி நீர். சரி, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாளை வரவில்லை. டேப்பிலிருந்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய்க் கேசட்டாகப் போட்டுக்கொண்டு வந்தீர். அட்டையைப் பார்த்தேன். பாடல், நீர். இசை, நீர். குரல், நீர். உம்ம போட்டோ வேறு, சலவைச் சட்டையோடு.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உம்மை மறித்தேன். ஞாபகம் இருக்கா?

"என் பேரு எங்க வே?"

"அட்டை சின்னது வே. எடமில்ல."

"உம்ம பேரு மூணு தடவ இருக்கே!"

"அது மூணு வேலைலா? கோவப்படாதீரும், டீ குடியும்."

குடித்தேன். அந்த டீயைக் குடித்துக்கொண்டே, நமது குழுவிலிருந்து விலகுவதென்றும், செல் விஷயத்தை உம்மிடம் ஏழேழு ஜென்மத்துக்கும் சொல்வதில்லை என்றும் சபதம் எடுத்தேன். அவ்வளவு கசப்பான டீ தென்பாண்டி நாட்டிலேயே போடப்பட்டதில்லை.

அதன் பிறகு நீர் பட்ட பாடு இருக்கிறதே! மேடை ஏறினால் போதும், "கேசட்டுல இருக்க மாதிரி பாடுங்கண்ணாச்சி" என்று சனம் கத்தும். புதிதாக வந்த ஆர்மோனியக்காரர் கேசட்டைக் கேட்டு மூன்று கட்டையைப் பிடிப்பார். நீர் காதைப் பொத்திக்கொண்டு, கழுத்து நரம்பு தேர் வடமாய்ப் புடைக்க, மேல் ஸ்தாயியை எட்டி எட்டிப் பிடிப்பீர். ஒரு கச்சேரி விடாமல் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நம்மூர்க் கோவில் ஆடித்தபசுக் காட்சிக்குக்கூட நான் அவ்வளவு முன்கூட்டி இடம் பிடித்ததில்லை. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை என்று ஒரு நாட்டு மருந்துக் கடையே உம்ம தொண்டைக்குள் இறங்கியது. கடைசியில் கௌரவத்தை விட்டு என்னிடமே கேட்டீர்.

"ஏன் வே, அன்னைக்கு அப்படிப் பாடுனேன். இப்ப ஏறவே மாட்டேங்கு?"

"வயசு வே" என்றேன்.

"பதினோரு மாசத்துல என்ன வே வயசு?"

"செலருக்குச் சட்டுனு வந்துரும்."

அன்று இரவு நான் தூங்கிய தூக்கம் பாண்டிய மன்னர்களுக்கும் வாய்த்திருக்காது.

இவ்வளவையும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டுதான், செல் கிடந்த இடத்தைத் துடைத்துவிட்டு, கரண்டைச் சொருகி, உம்ம மகள் முன்னால் அந்த டேப்பைப் போட்டேன். பாட்டுக்கு முன்னால், முதல் முயற்சிகளின்போது நாம் பேசிக்கொண்டதும் பதிவாகியிருந்தது. எனக்கு அது தெரியும். அதற்காகத்தானே வைத்திருந்தேன்! உம்ம குரல் அவசரமாகக் கேட்டது: "அடுத்த வரி என்ன வே எழுதியிருக்கீரு? சீக்கிரம் சொல்லும், கரண்டு வந்துரும்."

"கேட்டியா மக்கா! கேட்டியா!" என்று துள்ளினேன். உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தவன்கூட அப்படித் துள்ளியிருக்க மாட்டான்.

அவள் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, எல்லாம் வேகமா ஓடுதே? நீங்க பேசுறதே கீச்சுனு இருக்கு" என்று லேப்டாப்பில் எதையோ இழுத்து வேகத்தைக் குறைத்தாள். உம்ம குரல் இறங்கி வந்தது. அகலமாக, கொஞ்சம் கரகரப்பாக, என்னை டீ குடிக்கச் சொன்ன அதே குரல். "இதுதான் அப்பா" என்றாள் மெதுவாக. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு செல் கதையைச் சொன்னேன்.

"அப்பாகிட்ட சொல்லவே இல்லியா மாமா? எத்தன வருஷம் காலைலயும் சாயங்காலமும் வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிச்சாங்க!"

"சொல்லல மக்கா."

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு இரண்டு அறை விட்டிருக்கலாம். டேப் மட்டும் நிற்காமல் ஓடியது. என் குரல்: "ரெண்டாஞ் சரணத்துல மூணாவது வரி இடிக்கு வே." உம்ம குரல்: "தறி நின்ன பொறவும் காதுக்குள்ள ஓடுது. இதப் போட்டுப் பாரும்." அந்த வரியை நான் ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்க்கும் சத்தம். பிறகு நான், வேண்டாவெறுப்பாக: "ம். இருக்கட்டும். போட்டுத் தொலையும்."

அதை நான் மறந்தே போனேன் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம். உம்மிடம் எதற்குப் பொய்? பதினாறு வரியும் என்னுடையது என்று முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி, அந்த ஒன்றையும் சேர்த்து விழுங்கிவிட்டேன்.

"மாமா, பாட்டு எழுதுனது யாருன்னு போடணும். எல்லா வரியும் நீங்கதானா?" என்றாள். டேப்பைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் கேட்கிறாள். டீச்சர் அல்லவா!

"எவ்வளவு எழுதலாம் மக்கா அதுல?"

"எவ்வளவு வேணும்னாலும் எழுதலாம்."

"அப்ப அட்டை பெருசு" என்று சொல்லி, நிமிர்ந்து உட்கார்ந்து, சாசனம் போல நான் சொல்லச் சொல்ல அவள் டைப் அடித்தாள். இசை, நான். பாடல், நான். குரல், நீர். கீழே தனியாக: 'இரண்டாம் சரணத்தின் மூன்றாம் வரி மட்டும் பாடகர் எழுதியது.' அந்த 'மட்டும்' போடும்போது எனக்குள் முப்பது வருடத்து வேட்டு மொத்தமும் வெடித்தது வே. உம்மைப்போல நான் மொத்தமாகத் திருடவில்லை. உமக்குரியதை அளந்து, நறுக்கி, அதற்கு மேல் ஒரு சொல்கூடக் கிடையாது என்று ஊர் பார்க்க உம்ம கையில் கொடுத்தேன். பழிவாங்கினால் இப்படி வாங்க வேண்டும் என்று இறுமாந்திருந்தேன்.

பாட்டு நெட்டில் ஏறி ஐந்து நாள் ஆகிறது. குறைத்த வேகத்தில், உம்ம சொந்தக் குரலில்தான் ஏற்றியிருக்கிறாள். அடியில் கருத்து எழுதுகிறார்கள். 'அந்தத் தறி வரிக்காகவே பத்துத் தடவை கேட்டேன்' என்கிறார் ஒருவர். 'எங்க அப்பா தறி ஓட்டினார், மூன்றாம் வரியில் அழுதுவிட்டேன்' என்கிறார் இன்னொருவர். என் பதினைந்து வரிகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. பொறுக்காமல் நானும் ஒரு கருத்து எழுதினேன்: 'அந்த வரி சுமார். முதல் சரணத்தின் நயத்தைக் கவனிக்கவும்.'

உடனே போன் வந்தது. "மாமா, அது நீங்கதானே?"

"யாரோ வெவரம் தெரிஞ்ச பெரியவரு எழுதியிருக்காரு மக்கா" என்றேன்.

முகம் மழிக்கும்போது, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, என் வாயில் வருவதும் அந்தச் சனியன் பிடித்த வரிதான். என் வரி ஒன்றுகூட வருவதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். உம்ம வரியை அடித்துக் கீழே தள்ளுகிற மாதிரி ஒரே ஒரு வரி எழுதிவிட்டுத்தான் அந்தப் பக்கம் வருவேன். ஒன்பது பக்கம் எழுதிக் கிழித்தாயிற்று. இன்னும் வரவில்லை.

வரும். அதுவரைக்கும் நீர் அங்கன வேற எவன்கூடயாவது சேர்ந்து பாட்டுப் போட்டீர்னு கேள்விப்பட்டேன், இருக்கு வே உமக்கு.