போட்டிக் கம்பெனியின் குக்கர்

ஆகஸ்ட் 4, திங்கள்
ஒற்றைக் கையால் திறக்கும் என் ரைஸ் குக்கரைச் சோதித்தோம். வந்தவர்கள் பக்கவாதத்திலோ விபத்திலோ ஒரு கை இழந்தவர்கள். எல்லோரும் "நல்லா இருக்கு தம்பி" என்றார்கள். குறையே இல்லை! வீட்டிலும் பயன்படுத்தச் சொல்லிக் கொடுத்தனுப்பினோம். வெள்ளிக்கிழமை உற்பத்திக்கான அச்சு வெட்டப் போகிறார்கள். அதன்பின் எதையும் மாற்ற முடியாது. மாற்ற என்ன இருக்கிறது, நான் செய்தது.

ஆகஸ்ட் 5
விளம்பரப் படமெடுக்க வாகினெம் அம்மா, இந்த ஊர் வழக்கில் இபு வாகினெம், வீட்டுக்குப் போனேன். பக்கவாதத்தில் வலக்கை விழுந்தபிறகும் சோற்றுக்கடை நடத்துபவர். நேற்று அதிகம் புகழ்ந்ததும் அவர்தான். குக்கர் அலமாரி மேல், லேஸ் துணி போர்த்தி. அடுப்பில் பழைய பானை.
"புதுசு தம்பி, அழுக்காயிடும்ல."
முகவாயில் கொப்புளம். கேட்டால், "அது கெடக்கு, டீ குடிங்க."

ஆகஸ்ட் 6
ஆபீஸில் பக்கத்து மேஜை த்வியிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். "மூஞ்சிக்கு நேரா குறை சொல்ல இது உங்க பாத்தாக் ஜனங்க ஊரா? இது சோலோ நகரம்டா, மரியாதைக்காரங்க ஊரு. நீ செஞ்சதுன்னு தெரிஞ்சா எவன் வாயத் திறப்பான்?"
இங்கே வந்து மூன்று வருஷம். இதுகூடத் தெரியவில்லை— நான் என்ன இன்ஜினியர்?

ஆகஸ்ட் 7
பெயர்மேல் டேப் ஒட்டி, பொத்தான் நிறத்தை மாற்றி, என் குக்கரிலேயே இன்னொன்றை எடுத்துப் போனேன். "போட்டிக் கம்பெனியோடது, இபு."
அவ்வளவுதான்.
"செஞ்சவனுக்கு மூணு கையா? பொத்தானை அமுக்கினா பின்னாடி ஓடுது. வயித்தோட அணைச்சுத் திறந்தா ஆவி மூஞ்சியில அடிக்குது. காத்து மாதிரி எடை. இவனையெல்லாம் யாரு படிக்க வச்சது?"
எடையைக் குறைத்ததற்குத்தான் ஆபீஸில் எனக்குப் பாராட்டு. "மோசமான கம்பெனி" என்றேன்.

ஆகஸ்ட் 8
அச்சை நிறுத்தச் சொன்னேன். முதலாளி ஹர்தோனோ ஐயா, இங்கே பாக் ஹர்தோனோ: "குறையில்லேன்னு கையெழுத்துப் போட்டது நீதானே?"
"கேக்கத் தெரியாம கேட்டுட்டேன், பாக்."
ஒரு மாசம் தந்தார். தேறாவிட்டால் ஊருக்குப் பஸ்.

ஆகஸ்ட் 19
குக்கருக்கு அடியில் ரப்பர் கால் வைத்தும் வழுக்குகிறது. நானும்தான்.

செப்டம்பர் 2
கனமான அடிப்பாகம். மேலிருந்து கீழே அழுத்தினால் திறக்கும் மூடி. ஆவி பின்பக்கம். டேப் ஒட்டியே இபுவிடம் கொடுத்தேன்.

செப்டம்பர் 9
அலமாரி மேல் லேஸ் துணி மட்டும். குக்கர் கடையில், மேலெல்லாம் கஞ்சி வழிந்த கறை.
"போட்டிக் கம்பெனிக்காரன் தேறிட்டான். கரண்டி வைக்கத்தான் எடமில்ல."
உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன்.
"தெரியும் தம்பி. டேப் ஒட்டிக் கொண்டாந்த மொத நாளே தெரியும்."
"தெரிஞ்சுமா அப்படித் திட்டினீங்க?"
"நீங்கதானே டேப் ஒட்டிக் குடுத்தீங்க."
சோறு போட்டுக் கொடுத்தார். திரும்பும் வழியில் கரண்டி மாட்ட ஒரு கொக்கி வரைந்தேன். பெரிய டேப் சுருள் ஒன்றும் வாங்கினேன்.