பின்முற்றத்துப் பிளம் மரம்

பிப்ரவரி 27
வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நான்காம் மாடி நெவேனா இன்றும் என் பால்கனிக்கு நேர் மேலே கம்பளத்தைத் தொங்கவிட்டு அடித்தாள். என் காபியில் அவள் வீட்டுத் தூசி. கீழ்வாசல் பலகையில் ஒட்ட ஓர் அறிவிப்பு எழுதினேன். பில்யானா வாங்கிப் படித்தாள். என் மகள், பதினேழு வயது, தெரியாதது எதுவுமில்லை.

“கம்பளத் தூசிக்கு ஒட்டோமான் பேரரசு வரைக்கும் போகணுமாப்பா?”

வரலாற்று ஆசிரியன் வேறு எங்கே போவான்?

மார்ச் 1
ஊர் முழுக்க மணிக்கட்டுகளில் மார்த்தெனிட்சா, மார்ச் முதல் நாள் ஒருவருக்கொருவர் வாழ்த்தாகக் கொடுத்துக் கட்டிக்கொள்ளும் அந்தச் சிவப்பும் வெள்ளையுமான நூல். தலைமையாசிரியருக்கு முழங்கை வரை கட்டியிருக்கிறார்கள். அவர் நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது; நூலும்தான்.

மாலையில் மாடிப்படியில் நெவேனா வழிமறித்தாள். கையை நீட்டிக் காட்டினாள்.

“நீங்க எனக்கு மார்த்தெனிட்சா குடுப்பீங்கன்னு கனவுலகூட நினைக்கல சார். தபால் பெட்டியில பேரெல்லாம் எழுதிப் போட்டிருக்கீங்க.”

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். பில்யானா சூப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நான்தான் போட்டேன். இப்ப என்ன? நாரையையோ பூத்த மரத்தையோ பாக்குறதுக்கு முன்னாடி கழட்டினா அவங்களுக்கு வருஷம் பூரா கெட்ட நேரம். போய்க் கழட்டச் சொல்லு, பாப்போம்.”

போன வருடம் இணையத்தில் எனக்குத் துணை தேடினாள். என்னைப் பற்றி ‘இனிமையானவர்’ என்று எழுதியிருந்தாள். வர்னாவில் ஒரு விதவை அதை நம்பினாள், ஒரு சாப்பாட்டு நேரம்.

மார்ச் 2
அறிவிப்பை ஒட்டவில்லை. என் பெயரில் நூல் கட்டியிருப்பவளைத் திட்டி எப்படி ஒட்டுவது? கழற்றட்டும், பிறகு ஒட்டலாம்.

மார்ச் 9
மேலே சத்தமில்லை. கம்பளத்தைப் பின்முற்றத்து இரும்புச் சட்டத்தில் போட்டு அடிக்கிறாள். அந்தச் சட்டம் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

மார்ச் 14
நெவேனா பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். பாலாடைக்கட்டியில் உப்பு அதிகம். இரண்டு துண்டும் தின்றேன். தலைமையாசிரியர் விவகாரத்தை முதலிலிருந்து சொன்னேன். முழுவதும் கேட்டாள். “உங்களைக் கண்டா அவருக்கு அவ்வளவு பயமா?” என்றாள். இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. இவளும் இப்போது மூன்றாவது மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். முந்தைய இரண்டு முதலாளிகளும் முட்டாள்களாம். நல்ல பெண்மணி.

அவள் போனதும் பில்யானா: “செப்டம்பர்ல நான் படிக்க வியன்னா போயிடுவேன். அப்புறம் யார்கிட்ட சண்டை போடுவே, சுவர்கிட்டயா?”

இவள் அம்மாகூட, என்னை விட்டுவிட்டு ஒரு பல் வைத்தியனோடு வலென்சியாவுக்குப் போனபோது, இப்படி முகத்துக்கு நேரே கேட்கவில்லை.

மார்ச் 19
நெவேனாவோடு டான்யூப் கரையில் நடை. நாரை பார்க்கலாம் என்று அவள்தான் கூப்பிட்டாள். ருமேனியக் கரைக்கு மேல் ஏதோ வெள்ளையாகப் பறந்தது. அவளை நகரத்துப் பக்கம் திருப்பி, பழைய சுங்கக் கட்டடத்தின் வரலாற்றைச் சொன்னேன். வெறும் கடற்காகமாகவும் இருந்திருக்கலாம்.

மார்ச் 25
பின்முற்றத்துப் பிளம் பூத்துவிட்டது. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே, வெட்கமில்லாமல். காலையில் குப்பை போட வருவாள், பார்ப்பாள், கழற்றி அந்தக் கிளையிலேயே கட்டிவிடுவாள். வழக்கம் அதுதான். பிறகு? என்னையும் அவளையும் சேர்த்து வைத்திருப்பது அந்த நூல். அதையும் கட்டியது நானில்லை.

ஐம்பத்தொரு வயதில் இது என்ன கூத்து?

எழுதினேன்: ‘பின்முற்றத்தில் குழாய் பழுது. மறு அறிவிப்பு வரை யாரும் போக வேண்டாம்.’ குழாயே கிடையாது அங்கே. வெட்கமாக இருந்தது. மேசை இழுப்பறையில் போட்டேன்.

மார்ச் 26
பில்யானா என் இழுப்பறையைத் திறந்திருக்கிறாள். அவள் திறக்காதது எது?

“அப்பா, நெவேனா ஆன்ட்டி முந்தாநாளே பூவைப் பாத்துட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். அண்ணாந்து பாத்தாங்க, டக்குனு ஸ்வெட்டர் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கிட்டாங்க. அதுலேர்ந்து குப்பையைத் தெருக்கோடித் தொட்டிக்குத் தூக்கிட்டுப் போறாங்க.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“பெரியவங்க விஷயத்துல நான் தலையிடறதில்ல.”

தெருக்கோடி வரை, குப்பைப் பையோடு, இந்த மழையில். கீழ்வீட்டுக்காரர்கள் ஏன் என்று கேட்டால் பாவம் என்ன சொல்வாள்? அவளுக்கு ஒரு காரணம் வேண்டாமா?

குழாய் அறிவிப்பைக் காலையில் அவள் இறங்குவதற்கு முன் ஒட்டிவிடுவேன். பெயர் போடாமல்.