அம்மாவின் லில்லி விரிப்பு

அமுரி, ஐடுடாகி தீவு
22 ஆகஸ்ட் 1993

அன்புத் தங்கை கூராவுக்கு,

அக்கா தெரேயாபி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் நான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ கடைசியாகக் கடிதம் போட்டது ஈஸ்டருக்கு. ஆக்லாந்தில் தபால்தலை விற்பதை நிறுத்திவிட்டார்களா?

அந்தக் கோபம் இருக்கட்டும். நம் பாஸ்டரம்மா அங்கே மகளைப் பார்க்கப் போய்விட்டு வியாழக்கிழமை விமானத்தில் திரும்பினாள். பெட்டியைக்கூடத் திறக்காமல் நேரே என்னிடம் ஓடி வந்தாள். "உங்கம்மா பேரைப் பெரிய கேலரியில செவுத்துல எழுதிப் போட்டிருக்காங்கடி! பொம்பளைங்களுக்கு ஓட்டு கெடைச்சு நூறு வருஷம் ஆகுதாம். அதுக்காகப் பொம்பளைங்க செஞ்சதை மட்டும் வெச்சு ஒரு கண்காட்சி. வெள்ளைக்காரிங்க பேருக்கு நடுவுல நம்ம தெபாயேரு பேரு! நான் அங்கயே அழுதுட்டேன்."

நானும் அழுதேன். சபைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அம்மா தன் பெயரை எழுதிப் பார்த்ததில்லை. இதை என்னிடம் சொல்லாமல் இருக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அங்கே தொங்குவது ஊதாத் துணியில் வெள்ளை லில்லி வைத்துத் தைத்த திவைவை விரிப்பு என்கிறாள். "அந்த விரிப்பு அம்மா கேட்டபடியே அவளோட மண்ணுக்குள்ள இருக்கு பாஸ்டரம்மா, ஊரே பார்த்துச்சே" என்றேன். "அப்போ எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாக்கும்?" என்று முறுக்கிக்கொண்டு போய்விட்டாள். அம்மா துணியில் ஒருமுறை வெட்டிய பூவை மறுமுறை வெட்டுகிறவள் இல்லை. என் கல்யாணத்துக்குச் செம்பருத்தி, தம்பி மகனின் முடிவெட்டு விருந்துக்கு அன்னாசி. லில்லி ஒன்றே ஒன்றுதான். அதில் ஒரு மூலை நான் தைத்தது. "உன் தையல்ல கால் விரல் மாட்டிக்கும்டி" என்று இரண்டு தடவை பிரிக்கவைத்தாள்.

அங்கே தொங்குவது எது? உடனே எழுது.

அன்புடன்,
அக்கா தெரேயாபி

---

மாங்கேரே, ஆக்லாந்து
9 செப்டம்பர் 1993

அன்புள்ள அக்கா,

போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் பொய் சொல்லிவிடுவேன் என்று பயந்து வைத்துவிட்டேன்.

பாஸ்டரம்மாவின் கண்ணில் கோளாறு இல்லை. அது அதேதான்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று நீ லில்லியை அவள் மேல் போர்த்திவிட்டு, உன் வெள்ளைத் தொப்பி எடுக்க உள்ளே போனாய். மாமாக்கள் மழைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். அறையில் நானும் அம்மாவும் மட்டும். நான் அவளுக்காகக் கடையில் வாங்கி வந்த பழுப்புப் போர்வை என் பெட்டியில் இருந்தது. கடை அட்டையைக்கூட அதிலிருந்து பிய்க்கவில்லை. அதைப் போர்த்திவிட்டு லில்லியைச் சுருட்டி என் பெட்டியில் திணித்தேன். சவப்பெட்டி மூடியை இழுத்து வைத்துவிட்டு, வெளியே வந்து "ஆணி அடிச்சிடுங்க மாமா" என்றேன். என் வாயால்தான் சொன்னேன், அக்கா.

ஏன் என்று கேட்பாய். உங்கள் எல்லோருக்கும் கல்யாணத்துக்கு அம்மா தைத்தாள். பதிவு அலுவலகத்தில் ரயில்வேக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு ஒரு தலையணை உறைகூட வரவில்லை. ஆறு வருஷம் அது என் அலமாரியில் கிடந்தது. ஒரு நாள்கூடக் கட்டிலில் விரிக்கத் துணியவில்லை.

போன வருஷம் கேலரியிலிருந்து ஒரு பெண் இங்குள்ள நம் சபைக்கு வந்தாள். "யாரு செஞ்சதுன்னே தெரியாம போன பொம்பளைங்க வேலையெல்லாம் தேடுறோம். உங்க வீட்ல ஏதாவது இருக்கா? செஞ்சவங்க பேரென்ன?" என்று கேட்டாள். அம்மாவின் பெயரை இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டேன். "உங்க கல்யாணத்துக்கு அம்மா தைச்சதா?" என்றாள். "ஆமா" என்றேன். அதையே அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள்: தெபாயேரு, மகள் கூராவின் திருமணத்துக்காகத் தைத்தது.

திறப்பு விழாவில் என் கழுத்தில் மாலை போட்டு ஜெபம் பண்ணினார்கள். கூட்டத்தில் நம் ஊர் முகம் ஏதாவது தென்படுகிறதா என்று திருடி மாதிரி பார்த்துக்கொண்டே நின்றேன்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கூரா

---

மாங்கேரே
24 அக்டோபர் 1993

அக்கா,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் மௌனம் எனக்கு வேண்டியதுதான்.

கண்காட்சி முடியும்வரை என்னால் காத்திருக்க முடியாது. விரிப்பைத் திருப்பித் தரும்படி கேலரியில் கேட்டுவிட்டேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. டிசம்பர் நான்காம் தேதி விமானத்தில் அதோடு வருகிறேன். கல்லறைச் சிமென்டை உடைக்கவேண்டும் என்று பெரிய மாமாவுக்கு எழுதப்போகிறேன். ஊர் முன்னால் நின்று செய்ததைச் சொல்லிவிட்டு, அம்மா கேட்டதை அம்மாவிடமே கொடுத்துவிடுகிறேன். அதற்கு மேல் நீ என் முகத்தில் விழிக்கவேண்டாம்.

கூரா

---

அமுரி
6 நவம்பர் 1993

கூரா,

மாமாவுக்கு எழுதாதே. எழுதிவிட்டால் உடனே போன் செய்து நிறுத்து. அம்மாவின் கல்லறையை யாரும் தொடக்கூடாது.

உன் முதல் கடிதம் வந்ததும் உன்னைக் கண்டபடி திட்டி நான்கு பக்கம் எழுதினேன். தபால் நிலையம்வரை போய், போடாமல் திரும்பினேன். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. சும்மா இருந்தால் இது அப்படியே அமுங்கிவிடும் என்று நினைத்தேன். நீ சிமென்டை உடைக்க வருகிறேன் என்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அம்மா அதைக் கேட்கவே இல்லை. தன்னோடு புதைக்கச் சொன்னாள் என்று ஊருக்குச் சொன்னது நான்.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி அந்த லில்லிகளை வெட்டினாள். யாருக்கு என்று கேட்டேன். "கூராவுக்குடி. கல்யாணத்துக்கு ஒண்ணும் செய்யாம வீம்பா இருந்துட்டேன். அந்தப் பொண்ணு மனசு எவ்வளவு வலிச்சிருக்கும்? அவ வந்தா உன் கையால குடு" என்றாள். ஒன்பது வருஷம் அவளைக் குளிப்பாட்டி, மலம் அள்ளி, ஊட்டிவிட்டவள் நான். அவள் கடைசியாக வெட்டிய பூ, ஓடிப்போன உனக்கு. எனக்கு வயிறு எரிந்தது கூரா. எரிச்சலோடுதான் அந்த மூலையைத் தைத்தேன். மண்ணுக்குப் போனாலும் போகட்டும், உனக்குப் போகக்கூடாது என்றுதான் அதை அவள் மேல் போர்த்தினேன். ஊரே என்னைப் பார்த்து "இப்படி ஒரு மக வேணும்" என்றது. நானும் தலையை ஆட்டிக்கொண்டேன்.

அந்தச் சுவரில் ஒட்டியிருப்பதைப் பொய் என்று நினைத்துக் குமைகிறாய். அது பொய்யில்லை. உன் கல்யாணத்துக்கு அம்மா தைத்ததுதான் அது, பதினைந்து வருஷம் பிந்தி. விரிப்பைத் திரும்பக் கேட்டதை வாபஸ் வாங்கு. கண்காட்சி முடியும்வரை அவள் பெயரோடு அங்கேயே இருக்கட்டும். பிறகு உன் வீட்டுக் கட்டிலில் விரி.

சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே முற்றத்தில் அம்மாவின் கல்லறை. இத்தனை நாளும் அம்மாவுக்கு நல்ல விரிப்பாவது கிடைத்ததே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். இப்போது அதுவும் இல்லை. அட்டை பிய்க்காத கடைப் போர்வையில் கிடக்கிறாள். இதில் உன் பங்கு பாதி, என் பங்கு பாதி என்று சொல்ல வாய் வருகிறது. என் பங்குதான் பெரிது.

டிசம்பரில் நீ வரத்தான் வேண்டும். ஊர் முன்னால் நிற்கவேண்டியவள் நான், நீ பக்கத்தில் இருந்தால் போதும். எப்போதாவது நான் உன் வீட்டுக்கு வந்தால், பெரிய விருந்தாளிக்கு விரிக்கிற மாதிரி அதை எடுத்து எனக்கு விரித்துவிடாதே. பாயில் படுத்துக்கொள்கிறேன்.

அக்கா என்று போட இன்றைக்குக் கை வரவில்லை.

தெரேயாபி